செமினாரில் பாதி புரியாதபோது எதைப் பிடித்துக்கொள்வது?

இயற்பியலில் முதுகலை முடித்து, செல் உயிரியல் ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரந்தோறும் நடக்கும் செல் உயிரியல், உயிர் இயற்பியல் செமினாருக்குக் கட்டாயம் போக வேண்டியிருக்கிறது. முதல் பத்து நிமிடம் புரிகிறது, அதற்குப் பிறகு புரதப் பெயர்களும் படங்களுமாக ஓடிவிடுகிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் அவர்களுக்கு எப்படித்தான் தோன்றுகின்றன என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஆய்வுக்கட்டுரையைப் படிக்கலாமே என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. புரியாமல் போவது உங்கள் குறைபாடா என்பது ஒன்று. புரியாத பேச்சிலிருந்து எதை எடுத்துக்கொள்ள முடியும் என்பது மற்றொன்று. ஆற்றலைச் செலவிட்டு நகரும், இழுக்கும் மோட்டார் புரதங்களை ஒளிப்பொறியில், அதாவது குவித்த லேசர் ஒளியால் சிறு பந்துகளைப் பிடிக்கும் கருவியில், வைத்து அளப்பதுதான் நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. நானும் உங்களைப்போல இயற்பியல் பக்கத்திலிருந்து வந்தவன்தான். அந்த இடத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: இல்லை. நான்கைந்து ஆண்டு உழைப்பை ஒருவர் ஐம்பது நிமிடத்துக்குள் அடைக்கிறார். கேட்பவர்களில் செல் சவ்வுக்காரர் இருப்பார், உட்கருக்காரர் இருப்பார், நுண்ணோக்கி கட்டுபவர் இருப்பார். எல்லாருக்கும் எல்லாமும் புரிவது நடக்காத காரியம். அனுபவம் உள்ளவர்கள் முழுப் பேச்சையும் தொடர்வதில்லை. அவர்கள் ஒரு பாதையை மட்டும் விடாமல் தொடர்கிறார்கள். செல்லில் நடந்தது, கருவியில் பதிந்தது, வரைபடமாக வந்தது, ஸ்லைடின் தலைப்பில் எழுதியிருப்பது என நான்கு படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று சேர்கிறது அல்லது உதிர்கிறது. முன்வரிசைக் கேள்விகளில் பெரும்பாலானவை இந்தப் படிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியிலிருந்துதான் வருகின்றன. அதைப் பார்க்கப் பழகிவிட்டால், புரதத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பேச்சின் எலும்புக்கூடு தெரியும்.

இதில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அனுகூலம் உண்டு. அளவுகளை உத்தேசமாகக் கணக்குப் போட உங்களுக்குத் தெரியும். ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: போல்ட்ஸ்மான் மாறிலியை அறை வெப்பநிலையால் பெருக்கினால் ஏறத்தாழ 4.1 பிக்கோநியூட்டன் நானோமீட்டர். செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று உடையும்போது கிடைக்கும் ஆற்றல் இதைப்போல 20 முதல் 25 மடங்கு, அதாவது அதே அலகில் 80 முதல் 100 வரை. கினேசின் என்ற மோட்டார் புரதம், செல்லுக்குள் பாதைபோல ஓடும் நுண்குழல்மேல் அடிக்கு 8 நானோமீட்டர் நகர்கிறது. 5 முதல் 7 பிக்கோநியூட்டன் எதிர்விசை கொடுத்தால் நின்றுவிடுகிறது. பெருக்கிப் பாருங்கள், 50க்குப் பக்கத்தில் வரும். அடிக்கு ஒரு ஏடிபி என்றால் கணக்கு சரியாக நிற்கிறது, ஏறக்குறைய பாதி ஆற்றல் வேலையாக மாறுகிறது. இனி யாராவது ஒருவர், ஒற்றை மோட்டார் ஒன்று அதே 8 நானோமீட்டர் அடியை 20 பிக்கோநியூட்டன் சுமையோடு ஒரே ஏடிபியில் வைக்கிறது என்று ஸ்லைடு போட்டால், அந்த அடிக்கே 160 தேவை, கையில் இருப்பது 100. ஒன்று, அங்கே பல மோட்டார்கள் சேர்ந்து இழுக்கின்றன. இல்லையென்றால் விசையின் அளவுத்திருத்தம் தவறு. புரதத்தின் பெயரைக்கூட நினைவில் வைக்காமல் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம்.

இன்னொரு கணக்கும் எனக்குப் பிடித்தது. நரம்புச் செல்லின் நீண்ட இழையில் சரக்கை இழுத்துச் செல்ல மோட்டார் எதற்கு, வெப்ப அசைவில் அங்குமிங்கும் அலைந்து தானாகவே விரவிப் போகாதா என்று ஒரு கேள்வி வரும். 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு சவ்வுப்பை வெறும் நீரில் விரவினாலே அதன் விரவல் மாறிலி நொடிக்கு நான்கு சதுர மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும். விரவலில் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், ஒரு மீட்டர் போக மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் வேகத்தில் ஒரு மோட்டார் இழுத்தால் பன்னிரண்டு நாளுக்குள் போய்ச் சேரும். அதே விரவல், 10 மைக்ரோமீட்டர் செல்லுக்குள் ஒரு சாதாரணப் புரதத்தை ஓரிரு நொடியில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும். ஒரு பேச்சில் நேரமும் தூரமும் வந்த உடனே இந்தக் கணக்கைத் தாள் ஓரத்தில் போட்டுப் பாருங்கள். பேச்சாளர் சொல்லும் வழிமுறை அந்த நேரத்துக்குள் அடங்குமா அடங்காதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளவீட்டுக்கும் முடிவுக்கும் நடுவில் என்ன நடக்கலாம் என்பதற்கு மயோசின் நல்ல உதாரணம். தசையில் இருக்கும் மயோசின் ஒருமுறை இழுக்கும்போது எவ்வளவு தூரம் நகர்த்துகிறது? மயோசின் பிடித்து இழுக்கும் ஆக்டின் இழை ஒன்றின் இரண்டு முனைகளிலும் சிறு பந்துகளை ஒட்டி, இரண்டையும் ஒளிப்பொறியில் பிடித்து, இழையை ஒற்றை மயோசினுக்கு மேலே தொங்கவிட்டு அளந்தார்கள். ஜேம்ஸ் ஸ்பூடிச்சின் குழு 1994-இல் சராசரியாக 11 நானோமீட்டர் என்று வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜஸ்டின் மொல்லாய் குழு ஏறத்தாழ அதே அமைப்பில் அளந்து, சுமார் 4 நானோமீட்டர்தான் என்றது. கருவியில் பெரிய வித்தியாசம் இல்லை, தரவைப் படித்த விதத்தில்தான் வித்தியாசம். மென்மையான பொறியில் இருக்கும் பந்து சும்மா இருக்காது. பொறியின் விறைப்பு நானோமீட்டருக்கு 0.04 பிக்கோநியூட்டன் என்றால் வெப்ப அசைவு மட்டுமே பந்தைப் பத்து நானோமீட்டர் அளவுக்கு ஆட்டும். அந்த ஆட்டத்தில் இழை எங்கே இருக்கிறதோ அங்கே மயோசின் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகுதான் இழுக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் தாவல்களை மட்டும் பொறுக்கினால், மயோசின் இழுத்த தூரத்தோடு வெப்ப ஆட்டம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடுகிறது. எல்லாப் பிணைப்புகளையும் எடுத்து, இருப்பிடங்களின் பரவல் மொத்தமாக எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மையான இழுப்பு தெரியும். இரண்டு குழுவும் திறமையானவை, இரண்டின் தரவும் நேர்மையானது. ஆகவே எந்தப் பேச்சிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: புரதமே இல்லாமல், வெறும் இரைச்சல் மட்டும் இருந்திருந்தால் இந்த வரைபடம் எப்படி இருந்திருக்கும்? அதைக் காட்டும் பேச்சாளரை நான் உடனே நம்பத் தொடங்குவேன்.

ஒரு கேள்விக்கு வேறொரு கருவி வந்து விடை சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். கினேசின் 8 நானோமீட்டர் அடி வைக்கிறது என்பதை 1993-இல் ஸ்வோபோடா, பிளாக் ஆகியோர் இருந்த குழு ஒளிப்பொறியில் கண்டது. நுண்குழலில், அதைக் கட்டும் டியூபுலின் புரத ஜோடிகள் அமைந்திருக்கும் இடைவெளியும் அதே 8 நானோமீட்டர்தான். ஆனால் கினேசினுக்கு, நுண்குழலைப் பிடிக்கும் தலைகள் இரண்டு இருக்கின்றனவே. அவை நாம் நடப்பதைப்போல மாறி மாறி முன்னே வருகின்றனவா, அல்லது ஒரே தலை எப்போதும் முன்னால் போக மற்றது பின்னால் இழுபடுகிறதா? ஒளிப்பொறி மோட்டாரின் நடுப்பகுதியைத்தான் பார்த்தது, அதனால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை. 2004-இல் யில்டிஸ், செல்வின் குழு ஒரு தலையில் மட்டும் ஒளிரும் சாயத்தை ஒட்டிப் பார்த்தது. அந்தத் தலை சுமார் 17 நானோமீட்டர் தாவியது, நடுப்பகுதியின் அடியைப்போல இரு மடங்கு. தலைகள் மாறி மாறித்தான் நடக்கின்றன. ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று படித்திருப்பீர்கள், அது உண்மைதான். ஆனால் தனியாக இருக்கும் ஒரு புள்ளியின் மையத்தை, போதுமான ஃபோட்டான்களைச் சேர்த்தால் ஒரு நானோமீட்டர் துல்லியத்தில் குறிக்கலாம். பிழை ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு குறைகிறது. துல்லியமும் பிரிதிறனும் வேறு வேறு என்பது இயற்பியல் படித்த உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். அறையில் இருக்கும் பலருக்கு அது குழப்பமாகவே இருக்கும்.

சரி, உங்களிடம் இல்லாதது என்ன? உயிரியலாளரின் சந்தேகம். அதை இயற்பியல் படித்தவர்கள் பல நேரம் குறைத்து மதிப்பிடுகிறோம். ஒரு புரதத்தை நீக்கினோம், செல் நகரவில்லை, ஆகவே அந்தப் புரதம்தான் நகர்த்துகிறது என்று ஒருவர் சொன்னால், பின்வரிசை உயிரியலாளர் மனத்தில் உடனே ஒரு பட்டியல் ஓடும். நீக்கப் பயன்படுத்திய முறை வேறெதையும் சேர்த்துக் குலைத்ததா? அந்தப் புரதத்தைத் திரும்பச் சேர்த்தால் இயக்கம் திரும்புகிறதா? செயலிழந்த வடிவத்தைச் சேர்த்தால் திரும்பாமல் இருக்கிறதா? ஒளிரும் ஜிஎஃப்பி என்ற புரதத்தை அடையாளமாக ஒட்டியது புரதத்தின் வேலையைக் கெடுக்கவில்லை என்று எப்படித் தெரியும்? செல்லில் இயல்பாக இருக்கும் அளவில் பார்த்தார்களா, பல மடங்கு கூடுதலாக உற்பத்தி செய்ய வைத்துப் பார்த்தார்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். அளவு கூடினால் புரதங்கள் சேரக்கூடாத இடத்தில் சேரும், ஒட்டக்கூடாததோடு ஒட்டும். அதேபோல, நீக்கினால் நின்றுபோகிறது என்பது அந்தப் புரதம் தேவை என்று மட்டும் சொல்கிறது, அது மட்டுமே போதும் என்று சொல்லாது. போதும் என்று காட்ட, தூய்மைப்படுத்திய பொருட்களை மட்டும் வைத்து அந்த நிகழ்வைச் செல்லுக்கு வெளியே மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். 1985-இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் மூவரும் கணவாயின் பெரிய நரம்பிழையிலிருந்து கினேசினைப் பிரித்தெடுத்தபோது அதைத்தான் செய்தார்கள். செல்லே இல்லாமல், கண்ணாடித் தகட்டின்மேல் சிறு பந்துகள் நுண்குழல் வழியே நகர்ந்தன.

புரதப் பெயர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு பேச்சில் இருபது பெயர் வந்தால் கதைக்கு வேண்டியவை இரண்டோ மூன்றோதான். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பக்கத்தில் எழுதுங்கள்: மோட்டார், பாதை, சுவிட்சு, மற்றவற்றைத் தாங்கும் சாரம், அடையாளச் சாயம். அது போதும்.

உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்துக் கேட்பது இன்றைய செமினார்களில் எங்கே அதிகம் தேவைப்படுகிறது என்று கேட்டால், புரதத் துளிகள் பற்றிய பேச்சுகளில் என்று சொல்வேன். 2009-இல் பிராங்வின், ஹைமன், யூலிஹர் ஆகியோரின் குழு, சி. எலிகன்ஸ் புழுவின் கருவில் இருக்கும் பி துகள்கள் என்ற புரத-ஆர்என்ஏ திரள்கள் திரவத் துளிகளாக நடந்துகொள்கின்றன என்று காட்டியது. அவை ஒன்றோடொன்று கலந்தன, உட்கருவின் மேற்பரப்பில் வழிந்தன, சொட்டின. பார்க்கும் அளவுக்குப் பெரியவை என்பதால் அந்த முடிவு வலுவாக நிற்கிறது. பல புரதங்களைத் தூய்மைப்படுத்திச் சோதனைக் குழாயில் வைத்தால் அவை துளிகளாகப் பிரிகின்றன என்பதிலும் சந்தேகம் இல்லை. அதன் பிறகு செல்லில் எந்தப் புள்ளியைக் கண்டாலும் அது திரவத் துளிதான் என்று சொல்லும் பேச்சுகள் பெருகின. அதற்குக் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: வட்டமாக இருக்கிறது, லேசரால் ஓரிடத்தின் ஒளிர்வை அழித்த பின் அது வேகமாகத் திரும்புகிறது, 1,6-ஹெக்ஸேன்டையால் என்ற ரசாயனத்தை ஊற்றினால் கரைகிறது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். 200 நானோமீட்டருக்கும் சிறிய எதுவும் ஒளி நுண்ணோக்கியில் வட்டமாகத்தான் தெரியும். ஒளிர்வு வேகமாகத் திரும்புவது, ஒரு இடத்தில் ஒட்டி விலகும் சாதாரணப் பிணைப்பாலும் நடக்கும். ஹெக்ஸேன்டையால் செல்லில் வேறு பலவற்றையும் குலைக்கும். மெக்ஸ்விகன், டார்சாக், ட்ஜியான் உள்ளிட்டோர் 2019-இல் எழுதிய விமர்சனக் கட்டுரை இத்தகைய சிக்கல்களைத்தான் எடுத்துவைத்தது. உட்கருவில் இயல்பான அளவில் உருவாகும் சிறு திரள்கள் உண்மையில் நிலைப்பிரிவால், அதாவது நீரிலிருந்து எண்ணெய் பிரிவதுபோன்ற பிரிதலால், உண்டானவையா, அல்லது டிஎன்ஏவில் அருகருகே இருக்கும் பிணைப்பு இடங்களால் உண்டானவையா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. என் சாய்வு எச்சரிக்கைப் பக்கம்தான். ஆனால் இது ஒரு நுண்ணோக்கிக்காரனின் சாய்வு என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன ஒளி அழித்து மீட்கும் சோதனையை ஃப்ராப் என்பார்கள். அடிக்கடி வரும், அதனால் அதற்கென ஒரு நல்ல கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். வளைகோட்டைப் பொருத்தி விரவல் மாறிலி இவ்வளவு என்று சொன்னால், ஒளி அழித்த வட்டத்தின் அளவை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். விரவல்தான் மீட்பைத் தீர்மானிக்கிறது என்றால் வட்டம் பெரிதாகும்போது மீள்வதற்கான நேரமும் கூடும். பிணைப்பு விடுபடுவதுதான் தீர்மானிக்கிறது என்றால் நேரம் மாறாது. ஒற்றைத் துகளைத் தொடர்ந்து, தடைப்பட்ட விரவல் இருப்பதாகச் சொன்னால், இடத்தைக் குறிப்பதில் இருக்கும் பிழையைக் கழித்தார்களா என்று பாருங்கள். அந்தப் பிழை மட்டுமே சாதாரண விரவலைத் தடைப்பட்டதுபோலக் காட்டிவிடும். செல்லின் விறைப்பு இவ்வளவு பாஸ்கல் என்று ஓர் எண் வந்தால் எந்தக் கருவியில் என்று கேளுங்கள். எம்சிஎஃப்-7 என்ற ஒரே மார்பகப் புற்றுநோய்ச் செல்வகையைப் பல ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளில் அளந்து 2018-இல் ஒப்பிட்டபோது, மீள்தன்மையின் மதிப்புகள் ஆயிரம் மடங்கு வரை வேறுபட்டன. ஊசிமுனையால் ஓர் இடத்தை அழுத்துவதும் முழுச் செல்லையும் ஒளியால் நீட்டுவதும் ஒரே பொருளை அளக்கவில்லை. இரண்டு வெவ்வேறு கருவிகளின் எண்களை ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடும் ஸ்லைடைக் கண்டால் நிமிர்ந்து உட்காருங்கள்.

பிழைக்கோடுகளையும் விட்டுவிடாதீர்கள். மூன்று நாள், நாளுக்கு நூறு செல் என்று அளந்து, எண்ணிக்கை முந்நூறு என்று போட்டால் பிழைக்கோடு மிகச் சிறியதாகிவிடும், எந்தச் சிறு வித்தியாசமும் முக்கியமானதாகத் தெரியும். ஒரே தட்டில் வளர்ந்த நூறு செல்கள் நூறு தனிச் சோதனைகள் ஆகாது. அங்கே உண்மையான எண்ணிக்கை மூன்று. ஒவ்வொரு நாளின் புள்ளிகளுக்கும் தனி நிறம் கொடுத்து, நாளுக்கொரு சராசரியை மேலே வைத்துக் காட்டும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அப்படிக் காட்டுபவர் சிக்கலை அறிந்தவர்.

இதையெல்லாம் ஒரே செமினாரில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு ஒரு பேச்சில் ஒரே ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சின் மையக் கூற்று நிற்கும் ஸ்லைடு. அதில் எது அளக்கப்பட்டது, எது ஊகிக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதுங்கள். முந்தைய நாள் பேச்சாளரின் பழைய கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையும் முதல் படத்தையும் பார்த்துவிட்டுப் போனால், இருபதாவது நிமிடம் வரை தாக்குப்பிடிப்பீர்கள். கட்டுரை படிப்பது மேல் அல்லவா என்ற உங்கள் கேள்விக்கு, சில வாரங்களில் ஆம் என்றே சொல்வேன். உங்கள் துறைக்கு மிகத் தொலைவான பேச்சு, சோதனைக்கு நடுவில் விட்டுவர முடியாத செல்கள் என்றால், கட்டாயம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை உங்கள் வழிகாட்டியிடம் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் கட்டுரையில் கிடைக்காத ஒன்று செமினாரில் உண்டு. ஓர் எண்ணைக் கேள்வியால் அழுத்தும்போது அதைக் கண்டுபிடித்தவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை அங்கேதான் பார்க்க முடியும். தயங்காமல் சோதனையின் பலவீனத்தை அவரே சொல்கிறாரா, அல்லது வேறு ஸ்லைடுக்குத் தாவுகிறாரா என்பது அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓரளவு குறிப்புதான், முழுச் சான்றல்ல. கூச்சத்தாலும் மொழித் தடையாலும் தடுமாறும் நல்ல ஆய்வாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்கும் தைரியம் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இதை மெய்ப்பிக்க என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை, நடைமுறையில் கண்டதைச் சொல்கிறேன். குறுகிய, அளவு சார்ந்த கேள்விகளே நல்ல வரவேற்பைப் பெறுகின்றன. "அந்த மூன்றாவது படத்தில் நேர அளவு நொடியா நிமிடமா?" என்பது நல்ல கேள்வி, பல நேரம் அறையில் பாதிப்பேர் கேட்க நினைத்ததும் அதுதான். தன் அறிவைக் காட்டும் நீண்ட முன்னுரையோடு வரும் கேள்வி யாருக்கும் பயன்படாது. பொதுவில் பேசத் தயக்கம் என்றால், பேச்சாளரை மாணவர்கள் தனியே சந்திக்கும் நேரம் பல துறைகளில் உண்டு, அதற்கு உங்கள் பெயரைப் பதிவுசெய்யுங்கள். அங்கே எது வேலை செய்யவில்லை என்று கேளுங்கள். கைவிட்ட கருவி, கெட்டுப்போன சாயம், திரும்பக் கிடைக்காத முடிவு என்று அவர் சொல்வதெல்லாம் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. உங்கள் ஆய்வகத்தில் அதே புரதத்தை யாராவது தொடுகிறார்கள் என்றால் பல மாத வேலையை அது மிச்சப்படுத்தலாம். அப்புறம், அப்படிச் சொல்வதும் ஸ்லைடில் காட்டுவதும் பெரும்பாலும் வெளியிடப்படாத தரவு. பேச்சாளரின் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள், வெளியே பகிராதீர்கள். உங்கள் சோதனைக்கு அதைப் பயன்படுத்த விரும்பினால் அவருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.